கடலாமை முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றும் முறை

கடலாமை முட்டைகளை இட்ட இடத்திலேயே காப்பதுதான் சிறந்தது. அலை ஏறி மூழ்கடிக்கும் என்றோ நாய்கள் தோண்டிவிடும் என்றோ உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே, உரிய அனுமதியோடு அவற்றைப் பொரிப்பகத்துக்கு, அதாவது முட்டைகளைப் பொரியும் வரை மணலில் புதைத்துக் காக்கும் இடத்துக்கு, மாற்ற வேண்டும்.

முட்டையிட்ட 2 மணி நேரத்துக்குள் வேலையை முடித்துவிடுவது பாதுகாப்பானது. சில மணி நேரத்திலேயே கரு முட்டையின் மேற்பகுதியில் உட்சவ்வோடு ஒட்டத் தொடங்குவதால், அதன் பிறகு முட்டையைப் புரட்டினால் அந்தப் பிணைப்பு அறுந்து கரு இறந்துபோகக்கூடும். ஆகவே ஒவ்வொன்றையும், இருந்த நிலை மாறாமல், ஈரமணல் பரப்பிய வாளிக்குள் மெல்ல வையுங்கள். பிங்பாங் பந்து அளவிலான முட்டையின் ஓடு தோல்போல் அமுங்கும். பிடி இறுகவே கூடாது.

புதிய குழியைப் பழைய குழியின் ஆழத்துக்கே, வாய் குறுகி அடி அகன்ற பானை வடிவில் தோண்டுங்கள்.

மணலின் வெப்பமே குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிக்கிறது: ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸில் இரு பாலினமும் கலந்து பிறக்கும், அதற்கு மேல் பெண்களே மிகும். எனவே முட்டைகளின் ஆழத்தில் வெப்பமானியைப் புதைத்து அளந்த பிறகே நிழல்வலை கட்ட வேண்டும். ஊகத்தில் கூட்டும் நிழல் அந்தப் பருவத்தின் பாலின விகிதத்தையே மாற்றிவிடும்.

வெளிவந்த குஞ்சுகளைத் தொட்டியில் தேக்கிவைக்காமல், அன்றிரவே விளக்கொளி இல்லாத கரையில் விட்டு, தாமாகவே கடலுக்கு ஊர்ந்து செல்ல விடுங்கள்.