லீவு நாளில் குழந்தைகளோடு கைவேலை: பெரியவர்கள் சொதப்பும் இடங்கள்

கோடை லீவு விட்டதும் பல வீடுகளில் நடக்கும் முதல் காரியம், ஸ்டேஷனரி கடைக்குப் போய் ஜிகினாத் தூள், பாசிமணி, தெர்மாகோல் பந்து, ஒட்டும் பொம்மைக் கண்கள், பத்து நிறத்தில் சார்ட் என்று அள்ளிக்கொண்டு வருவது. நான்கு வயதுப் பிள்ளையின் முன்னால் அவ்வளவையும் பரப்பினால் அது பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டிக் கலந்துவிட்டு, பொருள் வந்த அட்டைப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதில் பிள்ளையின் தப்பு எதுவும் இல்லை, அந்தப் பெட்டிதான் அங்கே இருந்ததிலேயே நல்ல விளையாட்டுச் சாமான். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பொருள் போதும், மீதியை பீரோவுக்குள் வையுங்கள்.

அடுத்த தவறு, யூடியூபில் பார்த்த மயிலை மாதிரியாக முன்னால் வைத்துவிட்டு "இதே மாதிரி செய்" என்பது. அந்த மயிலைச் செய்தது பெரியவர் கை. பிள்ளை செய்வது அதுபோல வராது, அது அதற்கும் தெரியும், உடனே "நீயே செஞ்சு குடு" என்று நீட்டிவிடும். பிறகு அம்மாவோ அப்பாவோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து வெட்டி ஒட்டி முடித்து, பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதோடு கதை முடியும். ஸ்டேட்டஸில் போடக்கூடிய ஒன்று கடைசியில் கிடைக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் பாதித் தவறுகள் வருகின்றன.

வெண்டைக்காய் அச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். காம்புப் பக்கம் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தொட்டுத் தாளில் அமுக்கினால் பூ விழும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் பல வீடுகளில் விழுவது வெறும் சேறுதான். காரணம் இரண்டு. ஒன்று, வெட்டியதும் வரும் வழவழப்பைத் துடைப்பதில்லை, அதன் மேல் வண்ணம் ஒட்டாமல் வழுக்குகிறது. வெட்டிய முகத்தைப் பழைய துணியில் ஒற்றி, கால் மணி நேரம் காற்றில் ஆறவிட்டால் சரியாகிவிடும். முற்றிய காய் இன்னும் நல்லது, ஓரம் எடுப்பாக விழும். இரண்டாவது, வண்ணத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பது. பிள்ளை காயை அடிவரை முக்கி எடுக்கும், நடுவில் இருக்கும் ஓட்டையெல்லாம் அடைத்துக்கொள்ளும். தட்டில் ஈரத் துணியை மடித்து வைத்து அதன் மேல் வண்ணத்தைத் தடவிக் கொடுங்கள், ஸ்டாம்ப் பேட் போல வேலை செய்யும். அப்புறம் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் இருபது முறை குத்தித் தாளைக் கிழித்தாலும் "அங்க வை, இங்க வை" என்று சொல்லாதீர்கள். பூவின் இதழை எண்ணச் சொல்லலாம், ஒரு காயில் ஐந்து, இன்னொன்றில் ஆறு ஏழு கூட இருக்கும், எதில் அதிகம் என்று அதுவே தேட ஆரம்பித்துவிடும்.

மஞ்சள் சோதனை இன்னொரு நல்ல வேலை, அதில் ஒரு ஆபத்தான தவறும் உண்டு. சாம்பார் பட்ட சட்டையில் சோப்பு போட்டதும் கறை சிவப்பாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள், மஞ்சள்தூள் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளைத் தண்ணீரில் கரைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆப்ப சோடா கரைசலிலோ சோப்புத் தண்ணீரிலோ தொட்டு எழுதச் சொன்னால் சிவப்பு எழுத்து வரும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். ஆரத்திக்குக் கரைக்கிற பழக்கத்தில் பலர் இதற்கும் சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடும்போது கண்ணில் தெறித்து, விழி வெந்து பார்வைக்கே கேடு வந்த குழந்தைகளைக் கண் மருத்துவர்களுக்குத் தெரியும். ஒருவேளை பட்டுவிட்டால் கசக்காமல், நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குன்றிமணியும் அப்படித்தான். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க நாம் காலகாலமாகப் பயன்படுத்துவதால் அது நஞ்சு என்பதே மறந்துபோகிறது. தோல் கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடலாம், ஆனால் கடித்து உடைத்தாலோ கோப்பதற்குத் துளை போட்டிருந்தாலோ உள்ளே இருக்கும் அப்ரின் என்ற நஞ்சு உயிரையே எடுக்கக் கூடியது. முழுசாகத்தானே விழுங்கியது என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவும் கூடாது. பிள்ளைகள் செய்யும் பிள்ளையாருக்குப் பென்சில் நுனியால் இரண்டு குழி போட்டால் போதும், நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் காய்ச்சும் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்ற நீல நிற நச்சு உப்பு) போடும் பழக்கமும் உண்டு, குழந்தைகள் தொடும் பசையில் அதுவும் கூடாது. இரண்டு நாளில் புளித்தால் கொட்டிவிட்டு வேறு காய்ச்சிக்கொள்ளலாம்.

பருப்பைக் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்வது, புளியங்கொட்டையை எண்ணச் சொல்வது எல்லாம் விரலுக்கும் கணக்குக்கும் அருமையான வேலைகள். ஆனால் மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அது பெரியவனுக்குக் கொடுத்ததுதான், சின்னவள் தூரத்தில் இருக்கிறாள் என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். தொண்டையில் சிக்குவது ஒரு பக்கம், மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வது இன்னொரு பக்கம். ஈரம் பட்டால் கடலையும் பயறும் ஊதிவிடும், அதனால் தண்ணீர் விட்டுப் பார்ப்பது, ஊக்கால் நோண்டிப் பார்ப்பது எதையும் செய்யாமல் டாக்டரிடம் கூட்டிப்போவதுதான் சரி. அந்த வயதுக்குக் கிண்ணம், கரண்டி, மூடி, எலுமிச்சை என்று பெரிய சாமான்களே போதும்.

எண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் "ஏழு புளியங்கொட்டை எடுத்துக் குடு" என்று கேட்டுப் பாருங்கள், சில பிள்ளைகள் கைநிறைய அள்ளிக் கொடுக்கும். ஒப்பிப்பது வேறு, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவது வேறு. பல்லாங்குழி இதற்காகவே செய்தது போல இருக்கும், ஒவ்வொரு குழிக்கும் ஒன்று போட்டுக்கொண்டே போக வேண்டும் அல்லவா? ஆனால் பதினான்கு குழியையும் நிரப்பி முழு விதியோடு ஆரம்பித்தால் நாலரை வயதுக்குத் தாங்காது. முட்டை அட்டையில் ஆறு குழி வெட்டி, குழிக்கு மூன்று போட்டுத் தொடங்கலாம். நடுநடுவே "இது என்ன கலர்? இது எத்தனை? இங்கிலீஷ்ல சொல்லு" என்று கேட்காதீர்கள். லீவிலும் பரீட்சை நடக்கிறது என்று புரிந்துகொண்டு பிள்ளை எழுந்து போய்விடும்.

கத்தரிக்கோலில் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். முதலில் செய்தித்தாளைக் கையால் நீளநீளமாகக் கிழிக்கட்டும், அப்புறம் விரல் அகலத் தாளை ஒரே நறுக்கில் துண்டு போடட்டும், கோட்டின் மேல் வெட்டுவது, வளைத்து வெட்டுவது எல்லாம் அதற்கப்புறம்தான். மொக்கைக் கத்தரிக்கோல் பாதுகாப்பு என்று வெட்டவே வெட்டாத ஒன்றைக் கொடுத்தால் பிள்ளை வெறுத்துப்போகும், நுனி மழுங்கியும் அலகு கூர்மையாகவும் இருக்க வேண்டும். இடது கையால் வெட்டுகிற பிள்ளையை "சோத்துக் கையால பிடி" என்று மாற்றாதீர்கள். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் வெட்டும் கோடு அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும், அதனால்தான் கோணல் விழுகிறது. இடது கைக்கென்றே கத்தரிக்கோல் விற்கிறார்கள்.

மாவு பிசைந்து விளையாடுவதில் பெரிய தவறு எதுவும் இல்லை. ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், கடலோர ஊர்க்காரர்கள் இன்னும் குறைவாக, ஏனென்றால் காற்றின் ஈரத்தை உப்பு இழுத்து மாவு பிசுபிசுக்கும். எதையும் வாயில் வைக்கிற வயது என்றால் உப்புச் சேர்க்காமல் சப்பாத்தி மாவையே கொடுத்துவிடலாம்.

செடி வளர்க்கலாம் என்று மாங்கொட்டையைப் புதைத்தால், முளை வருவதற்குள் லீவே பாதி ஓடிவிடும். பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று அப்போது குறை சொல்லக் கூடாது. பச்சைப்பயறை இரவு ஊறவைத்து ஈரப் பஞ்சில் பரப்பினால் ஓரிரு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும், ஒரு வாரத்துக்குள் இலையும் விரியும். பஞ்சு நனைந்திருந்தால் போதும், பிள்ளை பாசத்தில் டம்ளர் டம்ளராக ஊற்றினால் அழுகி நாற்றம் வரும். ஊற்ற வேண்டாம் என்று தடுப்பதைவிட இரண்டு கிண்ணம் வையுங்கள், ஒன்றில் அது இஷ்டத்துக்கு ஊற்றட்டும், எது பிழைக்கிறது என்று பார்த்துக்கொள்ளும்.

இப்படிச் சேர்கிற தாளையும் பொம்மையையும் பிள்ளை தூங்கும்போது குப்பையில் போடுகிறவர்கள் நிறைய. மறுநாள் அது தேடும், அப்போது காக்கா தூக்கிப்போச்சு என்று பொய் சொல்ல வேண்டிவரும். சுவரோரம் ஒரு கயிறு கட்டித் துணி கிளிப்பில் மாட்டுங்கள். கயிற்றில் இடம் தீர்ந்ததும், புதியதை மாட்டுவதற்கு எதைக் கழற்றலாம் என்று அதையே கேளுங்கள், யோசித்துச் சொல்லும். களிமண் பொம்மையை நேர்வெயிலில் காயவைத்து வெடிக்கவிட்டுவிட்டு அதற்கும் அழவேண்டியதில்லை: நிழலில் காயவையுங்கள், அப்படியும் வெடித்தால் உடைத்துப் பக்கெட்டில் ஊறப்போட்டால் மறுநாள் மறுபடி களிமண்தான். வெயிலுக்கு முன்னால், காலை ஒன்பது மணிக்குள் பால்கனியிலோ திண்ணையிலோ உட்கார்த்திவிட்டால் தரை துடைக்கிற வேலையும் மிச்சம்.