பிக்விக்க வரையோணுமா, மொதல்ல நம்மூரு முயல மறந்துருங்க

வாட்டர்ஷிப் டவுன்ங்கற முயல் கதை நாவல படிச்சு முடிச்ச சூட்டோட, அதுல வர்ற பிக்விக்ங்கற முயல வரையோணும்னு உக்காந்தேனுங்க. ரெஃபரன்ஸுக்கு எங்கயோ போவானேன், பொழுதெறங்குனா எங்க கொறங்காட்டுல கிளுவ வேலியோரம் முயல் வந்து நிக்கும், அதைய போட்டோ புடிச்சு பாத்து பாத்து ஒரு வாரம் வரைஞ்சேன், முடிச்சுட்டு பாத்தா காலு நீளம், காது நீளம், பொடனியில கருப்புத் திட்டு வேற, ஓட்டப்பந்தயத்துக்கு நிக்கறவனாட்ட இருக்குது, பிக்விக்க காணோம். அப்பறந்தான் வெளங்குச்சு, நம்ம காட்டுல ஓடுறது வேற இனம், அது வளை தோண்டாது, புல்லுக்குள்ள பதுங்கிப் படுத்துக்கும். 1972ல வந்த அந்த ரிச்சர்ட் ஆடம்ஸ் நாவல்ல இருக்கறது வளை தோண்டி கூட்டமா வாழுற இங்கிலாந்து முயல்.

ஆனா பண்ணையில வளத்துற முயலெல்லாம் அந்த இனத்துல இருந்து வந்ததுதானுங்க. பக்கத்துல யாராச்சும் சாம்பக்கலர் முயல் வளத்துனா போயி ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்க. வெள்ளை முயலு வேண்டாம், செவந்த கண்ணு, கலரும் புடிபடாது.

பேப்பர் 300 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்தச் சொல்ற கணக்கு) வாட்டர்கலர் பேப்பரே வாங்கிருங்க, இதுல மட்டும் மிச்சம் புடிக்காதீங்க, சாதா சார்ட் பேப்பர்ல ரெண்டாவது தண்ணிக்கே நெளிஞ்சுரும். 8ம் நம்பர், 2ம் நம்பர் ரவுண்ட் ப்ரஷ், முடி பிரிஞ்சு போன பழைய ப்ரஷ் ஒண்ணு (தூக்கிப் போட்டுராதீங்க, ரோமத்துக்கு அதுதான் ராசா).

பென்சில்ல உடம்புக்கு ஒரு முட்டை, தலைக்கு ஒரு சின்ன முட்டை, காது தலை நீளத்த தாண்டாம. முயலுக்கு கண்ணு பக்கவாட்டுல இருக்கும், நேரா மூஞ்சிய போட்டா மனுசன் முழிக்கறாப்புடி ஆயிரும், பாதி திரும்புன மூஞ்சியா புடிங்க. கண்ணுல வெளிச்சப் புள்ளிக்கு பேப்பரோட வெள்ளையவே உட்டுருங்க.

மொத கோட்டிங் ஈரத்துமேல ஈரம், அதாவது பேப்பர நனைச்சு அது காயறதுக்குள்ள கலர் வெக்கறது, யெல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) ரா அம்பரும் (மண் பழுப்பு) தண்ணியா. இங்கதான் நம்ம பக்கம் ஒரு ரோதனை. பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து ஆடிக்காத்து வீசறப்ப பொள்ளாச்சி, உடுமலைப் பக்கமெல்லாம் ப்ரஷ்ல கலர எடுக்கறதுக்குள்ள பேப்பர் காஞ்சு ஓரத்துல கோடு கட்டிக்கும், ஜன்னல சாத்திக்கோங்க, நானு பேப்பருக்கு பின்னாலயும் தண்ணி தடவி ப்ளைவுட் மேல படுக்க வெச்சுருவேன், கொஞ்ச நேரம் சேத்தி கெடைக்கும்.

நல்லா காஞ்சதும் நெழல். கருப்பு ட்யூப தொடவே தொடாதீங்க, அல்ட்ராமரைன் ப்ளூவும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தா உசுரோட ஒரு சாம்பல் கெடைக்கும். அப்பறம் பழைய ப்ரஷ்ல கலர தொட்டு துணியில ஒத்தி எடுத்துட்டு, ரோமம் எந்தப் பக்கம் படுத்துருக்கோ அந்தப் பக்கமா இழுங்க. உடம்பு பூராவும் இழுத்தா சீமாறு மாதிரி ஆயிரும், வெளிச்சமும் நெழலும் சேருற எடத்துல மட்டும் போதும்.

கடேசியாத்தான் உச்சந்தலை முடி. கதையில வர்ற முயல் பாஷையில பிக்விக் பேரு த்லைலி, முடித்தலைன்னு அர்த்தம், ஆக அந்தக் கொத்து இல்லீன்னா அது ஏதோ ஒரு முயல். தொப்பி வெச்சாப்புடி தனியா நிக்கக் கூடாது, ரெண்டு காதுக்கும் அடியில இருந்து அடர்த்தியா மொளைச்சு வரோணும். கதையில கம்பிக் கண்ணியில கழுத்து மாட்டி சாவத் தெரிஞ்சு பொழைச்சவன் (படிக்காதவங்க மன்னிச்சுக்கோங்க), கழுத்துல ரோமம் கொஞ்சம் கலைஞ்சு கெடக்கறாப்புடி போட்டா படிச்சவனுக்கு பாத்ததுமே தெரியும்.

மீசைக்கு வெள்ளை போஸ்டர் கலர், 2ம் நம்பர் ப்ரஷ், மூக்குல இருந்து வெளிய ஒரே இழுப்பு. நடுங்கிருச்சுன்னா காயற வரைக்கும் கைய வெக்காதீங்க.