எத்தல்பெர்ட் எத்தனை ஆண்டு ஆண்டார்? கணக்குப் பார்க்கும் முறை

இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் செப்பேட்டில் சக ஆண்டு இருந்தால், ஆங்கில ஆண்டு அறிய 78 கூட்டுவோம். ஜனவரி பிறந்துவிட்டால் பங்குனி முடிய 79. இராமநாதபுரக் கடலோர ஊர்களில் பட்டயம் படிப்பவர்களுக்கு இது மனப்பாடம். பழைய இங்கிலாந்தின் கெண்ட் நாட்டு அரசர் எத்தல்பெர்ட்டிடம் இப்படி ஒரே கணக்கில் முடியாது.

731இல் இங்கிலாந்துத் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த துறவி பீட், எத்தல்பெர்ட் 56 ஆண்டுகள் ஆட்சி செய்து, 616 பிப்ரவரி 24இல் இறந்தார் என்கிறார். கழித்தால் 560. அதோடு நிறுத்தாதீர்கள். வெளிச்சான்றைப் பக்கத்தில் வையுங்கள்: பிராங்கு நாட்டு ஆயர் கிரிகோரி, 589ஆம் ஆண்டுச் செய்தியில், பெர்த்தாவின் கணவரை, அதாவது எத்தல்பெர்ட்டை, கெண்ட் அரசரின் மகன் என்றுதான் சொல்கிறார். அப்போது அவர் இன்னும் அரசராகவில்லை போலும். அப்படியானால் 56 என்பது ஆட்சி ஆண்டாக இல்லாமல் வயதாகவும் இருக்கலாம்.

கிறித்தவராக மாறி 21 ஆண்டில் இறந்தார் என்று பீட் சொல்வதையும் 616இலிருந்து கழியுங்கள்: 595. கிறித்தவம் பரப்ப ரோமிலிருந்து வந்த துறவி அகஸ்டின் கெண்டில் கரையிறங்கியதோ 597! பீட் சொன்ன எண்ணே இடறுகிறது. அதனால் நோட்டில் 560ஐப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் 'பீட் கணக்கு' என்று குறியுங்கள்.