அறிவியல் பாடமும் பயிற்று மொழியும்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் தருமபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டினம் என்று எந்த ஊர்ப் பள்ளிக்குப் போனாலும் அட்மிஷன் வரிசையில் ஒரு கேள்வி காதில் விழும்: "பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்துக்கு மாத்திடலாமா சார்?" டாக்டராக வேண்டும், இன்ஜினியராக வேண்டும் என்ற ஆசையில் கேட்கிறார்கள். ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்து வருடம் தமிழில் அறிவியல் படித்த பிள்ளையை ப்ளஸ் ஒன்னில் திடீரென்று மாற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ப்ளஸ் ஒன் இயற்பியலும் வேதியியலும் எந்த மொழியில் படித்தாலும் பத்தாம் வகுப்பைவிடப் பெரிய ஏற்றம். புதுப் பாடத்தையும் புது மொழியையும் ஒரே ஜூன் மாதத்தில் தலையில் ஏற்றினால், பிள்ளை புரிந்துகொள்வதை விட்டுவிட்டு மனப்பாடத்துக்குப் போய்விடும். காலாண்டுத் தேர்வில் மார்க் விழுந்ததும் "இவனுக்கு சயின்ஸ் வராது" என்று நாமே முடிவு கட்டி, வேறு குரூப்புக்கு அனுப்பிவிடுகிறோம். அவனுக்கு வராமல் போனது சயின்ஸா, மொழியா என்று யாரும் கேட்பதில்லை. மாற்றியே தீர வேண்டுமென்றால் ஆறாம் வகுப்பில் மாற்றுங்கள். தடுமாறி எழுந்து நிற்க நான்கு வருடம் கிடைக்கும்.

நீட் எழுத வேண்டுமானால் இங்கிலீஷ் மீடியம்தான் கதி என்று நினைப்பதும் தவறு. நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினும் 2021 முதல் தமிழில் நடக்கிறது. ஆனால் நீட்டில் மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பதைப் பெற்றோரில் பலர் கவனிப்பதில்லை. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டதாக வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அதனால் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கும் ஆங்கிலக் கலைச்சொல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நோட்டின் ஓரத்தில் முடுக்கத்துக்குப் பக்கத்தில் ஆக்ஸிலரேஷன், வினையூக்கிக்குப் பக்கத்தில் கேட்டலிஸ்ட் என்று ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பழகட்டும். ஒரு பாடத்துக்குப் பத்து சொல் தேறும், அவ்வளவுதான். இதைச் செய்யாமல் விட்டால் மொத்தச் சுமையும் கல்லூரி முதல் வருடத்தில் ஒரேயடியாக வந்து விழும். அங்கே நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட வாயடைத்துப் போகிறார்கள்.

இனி வகுப்பறைக்குள் வருவோம். பிள்ளையின் அறிவியலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அங்கே நடப்பதுதான்.

அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கியது 2012-13 வாக்கில். பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர்தான் இரண்டு பிரிவுக்கும் போகிறார். ஆங்கில வழி வகுப்பில் வழக்கமாக நடப்பது இது: ஒரு வரியை ஆங்கிலத்தில் படிப்பது, அதைத் தமிழில் சொல்வது, பிறகு அடுத்த வரிக்குப் போவது. மணி அடிக்கும்போது பாடம் முடிந்திருக்கும். ஆனால் வரி வரியாக உடைந்துபோன பாடத்தில் காரணமும் விளைவும் சேர்ந்து வராது. கருத்து முழுவதையும் முதலில் பிள்ளைகள் பேசும் மொழியில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேசி முடியுங்கள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து ஆங்கில வரிகளுக்குப் போனால், எதைப் பற்றிப் படிக்கிறோம் என்று தெரிந்து படிப்பார்கள். அதன் பிறகு சொந்தமாக மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். இலக்கணம் கோணலாக இருக்கும், பரவாயில்லை. காரணம் சரியாக இருந்தால் மார்க் போடுங்கள். ஸ்பெல்லிங்குக்குச் சிவப்பு மையில் கோடு போட்டே தாளை நிரப்பினால் அடுத்த முறை அந்தப் பிள்ளை கைடில் இருப்பதை அப்படியே எழுதித் தரும்.

பேச்சில் புழங்கும் சொற்களை வகுப்பில் அனுமதிக்காமல் இருப்பது தமிழ் வழி வகுப்பின் தவறு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் நிறையப் பேர் விவசாய வீட்டுப் பிள்ளைகள். போர்வெல் மோட்டார், ஸ்டார்ட்டர், த்ரீ பேஸ், ஆம்ப்ஸ், லோ வோல்டேஜ் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மின்னோட்டவியல் பாடத்தை மின்னழுத்த வேறுபாடு என்று தொடங்கினால் அமைதியாக இருக்கும் வகுப்பு, மோட்டாரில் தொடங்கினால் பேசத் தொடங்கும். அப்போது ஒரு பெண் எழுந்து கேட்பாள்: "சார், ஓம் விதிப்படி வோல்டேஜ் கொறஞ்சா கரண்டும் கொறையணுமே. அப்புறம் லோ வோல்டேஜ்ல காயில் ஏன் சார் கருகுது?"

அருமையான கேள்வி இது. சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் வெறும் மின்தடை போல நடந்துகொள்ளாது. சுற்றும்போது அது தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வோல்டேஜ் இறங்கினால், தண்ணீரைத் தூக்கும் சுமையைத் தாங்க முடியாமல் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் அந்த எதிர் மின்னழுத்தமும் குறைந்து, காயில், அதாவது மோட்டாரின் கம்பிச் சுருள், அதிக கரண்ட்டை இழுக்கிறது. ஜூல் விதிப்படி வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 10 ஆம்பியர் 14 ஆனால் வெப்பம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பத்தாம் வகுப்புக்கு இவ்வளவு போதும். புத்தக மொழியில் மட்டும்தான் பேச வேண்டும் என்று அந்தப் பெண்ணைத் தடுத்திருந்தால், இந்தக் கேள்வி அவள் மனசுக்குள்ளேயே நின்றிருக்கும். வோல்டேஜ் என்று அவள் சொல்லட்டும், நாம் மின்னழுத்தம் என்று பதில் சொல்லலாம். ஒரு வாரத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குப் பழகிவிடும்.

புளோரைடும் அப்படித்தான். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பாறையின் கனிமங்களிலிருந்து கரைந்து வருவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டதற்கு முக்கியக் காரணமே அதுதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை, பல் உருவாகும் வயதில் தொடர்ந்து குடித்தால் எனாமல் கறைபடும். எனாமலில் ஹைட்ராக்சைடு இருக்க வேண்டிய இடத்தில் புளோரைடு அயனி போய் உட்காரும் என்று சொன்னால், அயனி என்றால் என்ன என்பது அந்த வகுப்புக்கு மறக்கவே மறக்காது. இதை ஆங்கில வரையறையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது பெரிய இழப்பு. ஒன்றே ஒன்று: உதாரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் எழுப்பிப் பல்லைக் காட்டச் சொல்லாதீர்கள். வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகள் அவர்கள்.

ஒசூர், தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரிப் பக்கம் வேறொரு தவறு நடக்கிறது. அங்கே வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் பிள்ளைகள் ஏராளம். தொடக்கப் பள்ளியைத் தெலுங்கு வழியிலோ கன்னட வழியிலோ முடித்துவிட்டுத் தமிழ் வழிக்கு வருபவர்களும் உண்டு. 2006-ல் வந்த சட்டப்படி எல்லோரும் தமிழைப் பாடமாகப் படிக்க வேண்டும். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிவதும் தமிழில் ஒளிச்சேர்க்கையை யோசிப்பதும் வேறு வேறு. கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளை மௌனமாக இருப்பதைத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். பக்கத்துப் பையனிடம் தெலுங்கில் இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், பதில் வரும். வகுப்பில் கொஞ்சம் சத்தம் இருக்கும், இருக்கட்டும். ஒசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1916-ல் சேலத்தில் தமிழ் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். அன்றைக்கு இந்த ஊர்களெல்லாம் சேலம் மாவட்டம். தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இந்த மண்ணிலிருந்து போனவர்தான் தமிழில் வேதியியல் எழுதினார்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒரு விஷயம். மீடியம் மாற்றும் முன் வேலைவாய்ப்புக் கணக்கையும் பாருங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளின் நேரடி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010 முதல் சட்டமாக இருக்கிறது. 2020-ல் வந்த திருத்தத்தின்படி, அந்த வேலைக்குரிய கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். டிகிரி கேட்கும் வேலை என்றால் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டு வருடம் மட்டும் ஆங்கில வழியில் படித்திருந்தாலும் அந்த முன்னுரிமை கையை விட்டுப் போகும். தமிழ் வழியிலேயே தொடர்கிற பிள்ளைக்கு, டி.சி. வாங்குகிற அன்றே தமிழ் வழிச் சான்றிதழையும் கேட்டு வாங்கி வையுங்கள். பல வருடம் கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பழைய பள்ளியின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்காது.