உழவாரப் பணிக்குக் கிளம்பும் முன்: பழைய கோயில்களில் நல்ல மனதோடு நாம் செய்யும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வேன் பிடித்து, துடைப்பம், அரிவாள், மண்வெட்டி, இரண்டு அண்டா சாப்பாடு என்று கிளம்பிப் போய்ப் பழைய கோயில்களைச் சுத்தம் செய்கிற உழவாரக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. அப்பர் பெருமான் கையில் உழவாரப்படை ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கியது 7ஆம் நூற்றாண்டில். அந்த வழியில் இன்றைக்கும் ஐ.டி. வேலைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் வருவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் பல வருடம் இதில் அலைந்தபின் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. கவனிப்பாரில்லாமல் கிடந்த கோயில் ஐம்பது வருடத்தில் இழக்காததை, அவசரமான நல்ல மனம் ஒரே பகலில் இழக்க வைத்துவிடும்.

எங்கள் குழு தொடங்கிய புதிதில் நடந்தது இது. டெல்டா பகுதியில் ஒரு சின்ன சிவன் கோயில். சுவரைத் தாங்கும் கல் அடித்தளமான அதிட்டானம் முழுக்கப் பாசி. எங்களில் ஒருவர் கம்பி பிரஷ்ஷை எடுத்துக் அதில் உருண்டு நிற்கும் வரிசையான குமுதப்படையைத் தேய்க்க ஆரம்பித்தார். கல் பளிச்சென்று வெளுத்ததும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டோம். அந்தக் கல் ஏற்கெனவே பொரிந்து, செதில் செதிலாக நின்றிருந்தது. மறுவாரம் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியர் வந்தார். டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தார். "ஸ்வஸ்திஸ்ரீ" என்று தொடக்கம் தெரிந்தது. அடுத்த இரண்டு வரி இருக்க வேண்டிய இடத்தில் மழமழவென்று வெறும் கல். நாங்கள் பெருக்கி அள்ளிக் கொட்டிய தூசியில் செதிலோடு எழுத்தும் போயிருந்தது. எந்த ஊர், எவ்வளவு நிலம், யார் கொடுத்தது என்பதெல்லாம் அந்த இரண்டு வரியில்தான் இருந்திருக்கும். அவர் எங்களைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் முதல் தவறு, அழுக்கையும் பழமையையும் பிரித்துப் பார்க்காமல் தேய்ப்பது. கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத் தூள் எதுவும் கல்லுக்கு ஆகாது. மென்மையான தென்னை நார், நல்ல தண்ணீர், நிறையப் பொறுமை போதும். கல் பொரிந்திருந்தால் அதுவும் வேண்டாம், கையே வைக்கக் கூடாது. சில இடங்களில் உபயதாரர் ஒருவர் "ஒரேயடியாக மணல் பீச்சி அடித்துவிடலாம்" என்று முன்வருவார். மறுத்துவிடுங்கள். அதிக அழுத்தத்தில் வரும் மணல், சிற்பியின் உளி விட்டுப்போன கூர்மையை மழுக்கிவிடும். மேல்பரப்பு சொரசொரப்பாகி ஈரத்தையும் தூசியையும் முன்பைவிட அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மழைக்காலம் கழித்துப் பாருங்கள், பாசி இன்னும் அடர்த்தியாக ஏறியிருக்கும்.

கல்வெட்டு கண்ணில் பட்டதும் சாக்பீஸ் எடுப்பது அடுத்த பழக்கம். மாவு பூசுகிறவர்களும் உண்டு. எழுத்து தெரியாதவர் கோட்டின்மேல் கோடு இழுத்தால் 'ன' 'ள' ஆகிவிடும். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, தப்பான வாசிப்பே நிலைத்துவிடும். பக்கவாட்டு வெளிச்சம் போதும். சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போது எழுத்துகள் தாமாகவே எழுந்து நிற்கும். கொஞ்சம் பழகினால் தொடக்கத்தை வைத்தே அரசனைச் சொல்லிவிடலாம். 'திருமகள் போல' என்றால் முதலாம் ராஜராஜன், 'திருமன்னி வளர' என்றால் ராஜேந்திரன். எங்கள் குழுவில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இப்படித்தான் ஒரு தூணிலிருந்த கல்வெட்டைக் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து அவன் கையில் துடைப்பத்தோடு டார்ச்சும் இருக்கிறது. தாளை நனைத்து ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றிப் படியெடுப்பது பயிற்சி உள்ளவர்களின் வேலை, வீடியோ பார்த்துச் செய்யக் கூடாது.

கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுப்பதும் அப்படித்தான். விரல் கனம் வந்துவிட்டாலே வேர் செங்கல் இடுக்கில் பின்னிக்கொண்டிருக்கும். இழுத்தால் செங்கல்லும், சுண்ணாம்புச் சாந்தால் செய்த சுதை பொம்மையின் கையும் சேர்ந்தே வரும். அடியோடு வெட்டிவிட்டு, வேரை என்ன செய்வது என்பதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பிள்ளைகளை மேலே ஏற்றவே ஏற்றாதீர்கள்.

விரிசலைக் கண்டால் ஒரு மூட்டை சிமென்ட் வாங்கிப் பூசிவிடத் தோன்றும். பழைய கட்டடம் செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கும், வெளியேயும் விடும். சிமென்ட் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் பக்கத்துச் செங்கல்லுக்குப் போய், உப்புப் பூத்து, அது மாவாக உதிரும். பூசிய இடம் கல்லுபோல நிற்க, சுற்றியிருப்பது கரையும். சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துப் பூசுகிற கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடிப்பதும் கூலிக்கு நிதி திரட்டுவதும் நம் வேலையாக இருக்கட்டும்.

அனுமதி விஷயத்தில் பலர் "சாமி காரியத்துக்கு யாரைக் கேட்பது" என்று இருந்துவிடுகிறார்கள். அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள், குருக்களிடமும் மெய்க்காவலரிடமும் முன்கூட்டிப் பேசுங்கள். மத்திய தொல்லியல் துறையோ மாநிலத் தொல்லியல் துறையோ பாதுகாக்கும் சின்னம் என்றால் அவர்கள் ஆள் இல்லாமல் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது. மத்தியச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். பக்தர்களுக்காக ஒரு ஷெட் போடலாமே என்று நினைக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

புல் செதுக்கும்போது மண்வெட்டியில் 'டங்'கென்று ஏதாவது தட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். உலோகத் திருமேனியோ காசோ எதுவானாலும், எடுத்துக் கழுவிப் பூஜை போட்டு செல்பி எடுப்பது பெரிய தவறு. 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, வி.ஏ.ஓ.வுக்கும் தாசில்தாருக்கும் தகவல் சொல்லிவிட்டுக் காவலுக்கு நில்லுங்கள். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது பொருளுக்குச் சமமான செய்தி.

படம் எடுப்பது என்றால் குழுவைத்தான் எடுக்கிறோம். தூணை, சிலையை, மூலை முடுக்கை எடுப்பதில்லை. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை போய், 2014இல் திரும்பி வந்தார். அவர் நம்மூர் நடராஜர்தான் என்று காட்டக் கைகொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். ஆகவே ஒவ்வொரு சிலையையும் முன், பின், பக்கவாட்டில், அளவுகோலோடு எடுத்துத் தேதி எழுதி வையுங்கள். மண்வெட்டி தூக்க முடியாத பெரியவர்களுக்கும் இது தோதான வேலை.

மரபு நடை, திருவிளக்கு பூஜை, அன்னதானம் என்று நிகழ்ச்சி நடத்தும்போது வேறு விதமான சேதம் வரும். ஃப்ளெக்ஸ் கட்டத் தூணில் ஆணி, சீரியல் லைட்டுக்குச் சுதையில் கம்பி, சிற்பத்தின் கழுத்தில் பந்தல் கயிறு. பந்தலுக்குத் தனியாகக் கால் ஊன்றினால் எல்லாமே தீர்ந்துவிடும். அதைவிட நீண்ட நாள் நிற்கும் சேதம், மைக்கில் சொல்கிற கதை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னமும் சொல்கிறோம். நிழல் விழும், போய்ப் பார்த்தால் தெரியும். 1010இல் முடிந்த அந்தக் கோயிலுக்குப் பொய்ப் பெருமை தேவையே இல்லை. கட்டியவர்கள் பெயரும் ஆடிய பெண்களின் பெயரும் வரை சுவரில் எழுதி வைத்த கோயில் அது. கூட்டத்துக்கு அதைச் சொல்லுங்கள்.

ஊர்க்காரர்களைக் கேட்காமல் எதையும் நகர்த்தாதீர்கள். ஒரு தோப்பில் சாய்ந்து கிடந்த நடுகல்லை நிமிர்த்தப் போனோம். விளக்கேற்ற வந்த பாட்டி, "வேண்டாந் தம்பி, வருசா வருசம் பொங்க வைக்கிறது அந்தக் கல்லுக்குத்தான், பங்காளிங்க எல்லாரையும் கூட்டிக் கேக்காம நகத்தாதீங்க" என்றார். நமக்கு அது தொல்பொருள், அவருக்கு முப்பாட்டன். முப்பாட்டனை எப்படிக் காக்க வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டியிருந்தது.

ஒரே நாளில் எண்பது பேர் போய்விட்டு மறுபடி எட்டிப் பார்க்காமல் இருப்பதைவிட, மாதம் ஒரு முறை எட்டுப் பேர் போவது எவ்வளவோ மேல். அந்த எட்டுப் பேரும் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, யாரும் படம் எடுக்காத ஒரு வேலை. மண்டபத்தின் மேல்தளத்தில் மழைநீர் வெளியேறும் கல் தூம்பு இருக்கும். புறா எச்சமும் வேப்பிலையும் சேர்ந்து அது அடைத்துவிட்டால் தண்ணீர் தளத்திலேயே தேங்கி, கல் இடுக்கு வழியாகக் கருவறைக்குள் இறங்கும். ஏற அனுமதியும் நல்ல ஏணியும் பிடித்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால், புரட்டாசி கடைசி ஞாயிறு போய்க் கையால் அள்ளிப் போட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே நிற்கிறவர் "வருது, வருது" என்று குரல் கொடுக்கும்வரை இறங்க வேண்டாம்.