நடுவயதில் குதிரை ஆசை வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் லாயத்தில் ஒருவர் கைப்பேசியில் ஒரு குதிரைப் படத்தைக் காட்டினார். அவருக்கு 50 வயதிருக்கும், குதிரைக்கு 3. "அக்கா, இதை வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றார். அவர் பாடத்துக்கு வரத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. எனக்குப் பதறிவிட்டது. 46 வயதில் நானும் இதையேதான் செய்தேன்.

ஹெல்மெட் போடுங்கள், பின்னங்கால் பக்கம் நிற்காதீர்கள் என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

அவசரப்பட்டு இளங்குதிரை வாங்குவது

தாமதமாக வருபவர்களுக்கு ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்: இன்னும் எத்தனை வருஷம் ஏற முடியும்? அந்தக் கணக்குதான் நம்மை விரட்டுகிறது. ஆறு மாதம் கற்றதும் 4 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினேன். "அதுவும் புதுசு, நீங்களும் புதுசு, சேர்ந்தே கத்துக்கலாம்" என்றார் விற்றவர். அந்தப் பேச்சை இன்று யாரிடம் கேட்டாலும் எனக்குக் கோபம் வருகிறது.

சேர்ந்து கற்க முடியாது. இளங்குதிரைக்கு நம் கையும் காலும் செய்வதெல்லாம் பாடம். தடுமாறும்போது என் குதிகால் அதன் விலாவில் பட்டது: ஓடு. அதே நொடி பயத்தில் லகானை இழுத்தேன்: நில். பாவம், அது எதைக் கேட்கும்? சில வாரங்களில் தலையை உதறத் தொடங்கியது. அப்புறம் ஏறவே விடவில்லை. மூன்றாம் மாதம் கீழே தள்ளியது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் மனிதர் பக்கத்தில் வந்தாலே அந்தக் குதிரை நடுங்கியதே, அதைச் சரிசெய்ய அனுபவமுள்ள ஒருவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. கடைசியில் அவரிடமே விட்டுவிட்டேன்.

குதிரை 25, 30 வருஷம் வாழும். 12 முதல் 18 வயதுக்குள் இருக்கும், பலரைச் சுமந்து பழகிய குதிரைதான் நமக்கு வாத்தியார். அதைக் கிழடு என்று ஒதுக்காதீர்கள். முதுகெலும்பு வளர்ந்து முடியவே 5, 6 வயதாகிவிடும்.

வாங்கும் முன் ஒரு வருஷமாவது வேறொருவர் குதிரையை வாரம் இரண்டு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வாங்கப் போகும்போது, சேணம் பூட்டித் தயாராக நிறுத்தியிருந்தால் உஷார். நான் போனபோது சேணத்தின் ஓரத்தில் வியர்வை ஈரம் இருந்தது. முன்பே ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. கொட்டிலிலிருந்து பிடித்து வருவதிலிருந்தே பாருங்கள். விற்பவர் முதலில் ஏறிக் காட்டட்டும். இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். கால்நடை மருத்துவரை நீங்களே அழைத்துப் போங்கள். மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

லகானைப் பிடித்துத் தொங்குவது

கடிவாளத்தின் இரும்பு இருப்பது பல் இல்லாத ஈறின் மேல்; லகானில் தொங்கினால் அங்கேதான் வலிக்கும். விழப்போவதுபோல் இருந்தால் பிடரி மயிரைப் பிடியுங்கள்.

அன்பைத் தீனியில் காட்டுவது

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிறும் உடம்பை நோக்கச் சிறியது. திடீரென்று தானியத்தைக் கூட்டினால் வரும் வயிற்றுவலி உயிரையே வாங்கிவிடும். புதுத் தீனியை 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

ஏறுமேடைக்குக் கூச்சப்படுவது

குதிரை மேல் ஏற வைத்திருக்கும் படிதான் ஏறுமேடை. கூச்சம் வேண்டாம். தரையிலிருந்து தொங்கி ஏறினால் உங்கள் முழங்காலுக்கும் கேடு, அதன் முதுகுக்கும் கேடு.

ஏறாத நாள் வீண் என்று நினைப்பது

தேய்த்துவிடும் அந்த அரை மணி நேரத்தில்தான் காலில் சூடு, வீக்கம், சேணம் உரசிய புண் எல்லாம் கைக்குத் தட்டுப்படும்.

அந்த 3 வயதுக் குதிரைக்கு அவர் இன்னும் பணம் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அவரோடு போகிறேன். விற்பவரிடம் வருவதாகச் சொல்லவில்லை.