சணல் நூலில் ஒரு விளக்குக் கூடு
கூடத்து விளக்கின் கண்ணாடி மூடி உடைந்துபோய், வெறும் பல்பைப் பார்த்தாலே கண் கூசியது. பலூனை ஊதி, ஃபெவிகாலில் தோய்த்த சணல் நூலை அதன்மேல் சுற்றினேன். மறுநாள் காலையிலேயே அவசரப்பட்டுப் பலூனை உடைத்தேன். கூடு அப்படியே உள்வாங்கிவிட்டது. உள்பக்கம் ஈரம் காயவில்லை, நூலும் பலூனோடு ஒட்டியிருந்தது.

இரண்டாம் முறை பலூனுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். பசை 3 பங்கு, தண்ணீர் 1 பங்கு. நூலைக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கிச் சுற்றி, 2 நாள் முழுசாகத் தொங்கவிட்டேன். தட்டிப் பார்த்து, கெட்டியான சத்தம் வந்த பிறகே பலூனைக் குத்தினேன். அழகாக நின்றது! அப்புறம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாட்டினேன்.

உள்ளே 9 வாட் எல்.இ.டி. பல்புதான், அதுவும் நூலில் படாமல். குண்டு பல்பின் சூட்டுக்குச் சணல் தீப்பிடிக்கலாம். சாயங்காலம் சுவரெல்லாம் வலை வலையாக நிழல் விழுகிறது.